கல்லூரி முதலாண்டில் படிப்பு கசந்துபோவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் கல்லூரி மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வருபவர்கள் பாபநாசம், வலங்கைமான், ஆடுதுறை, திருவிடைமருதூர் பக்கத்துப் பிள்ளைகள். பலரும் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, ஊரார் பாராட்ட, ஆடி பிறப்பதற்குள் கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆயுதபூஜை வருவதற்குள் “புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை சார்” என்று வந்து நிற்கிறார்கள். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. நான் படித்த காலத்திலும் இவைதான்.

செல்பேசி, சினிமா, வகுப்பைக் கட் அடிப்பது ஆகியவற்றைப் பற்றி வீட்டில் போதுமான அளவு திட்டு வாங்கியிருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புரியாததைப் பிடிக்காதது என்று முடிவு கட்டுவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத தவறு இது. இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பி.எஸ்சி. கணிதம் முதலாண்டுப் பையன் ஒருவன் வந்தான். பிளஸ் டூ கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவன். “எனக்குக் கணக்கே பிடிக்கவில்லை சார், தமிழ் இலக்கியத்துக்கு மாறிவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றான். நோட்டைத் தள்ளி, சைன் எக்ஸைத் தொகையிட (இன்டக்ரேட் செய்ய) சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எழுதிவிட்டான். சைன் ஸ்கொயர் எக்ஸ் என்றேன். தொகையீட்டுக் குறியைப் போட்டான், உள்ளே சைன் ஸ்கொயர் எக்ஸ் எழுதினான், சமக்குறி போட்டான். அதோடு பேனா நின்றது.

“காஸ் டூ எக்ஸ் தெரியுமா தம்பி?”

“பெயர் தெரியும் சார். அது பிளஸ் ஒன்னில் வரும். எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் நடத்தவில்லை, நேராகப் பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள்.”

காஸ் டூ எக்ஸ் என்பது ஒன்றிலிருந்து இரண்டு சைன் ஸ்கொயர் எக்ஸைக் கழித்தது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் சைன் ஸ்கொயரைப் பாதியாக உடைத்து, அடுத்த இரண்டு வரியில் கணக்கை முடித்திருப்பான். அவனுக்குத் தொகை நுண்கணிதம் வராமல் இல்லை. முக்கோணவியலில் ஒரு வாய்ப்பாடு இல்லை, அவ்வளவுதான்.

பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிக்கும் இந்த வழக்கம் தமிழ்நாட்டுக்குப் பழையது. 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது இது ஒழியும் என்று நம்பினோம். அதே ஆண்டில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். இப்போது 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வே இல்லை. பள்ளி விட்ட இடத்தைக் கல்லூரி பிடித்து நடத்துவதும் இல்லை. பேராசிரியர் கரும்பலகையில் “இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்” என்று அரை நிமிடத்தில் கடந்துபோகும் வரியில்தான் இந்தப் பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. எழுந்து கேட்க வெட்கம். மறுநாள் கடைசி பெஞ்ச். அதற்கடுத்த வாரம் அந்த மணி நேரத்துக்கு மட்டும் கேன்டீன். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் “பிடிக்கவில்லை” வருகிறது. ஆனால் என்னிடம் சொல்லும்போது அதையே முதலில் சொல்கிறார்கள், ஏதோ பிறவியிலேயே பிடிக்காதது போல.

அதற்குப் பிறகு அவர்கள் தேடும் மருந்தைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஊக்கப் பேச்சு வீடியோ, வண்ணப் பேனாவில் கால அட்டவணை, விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம். நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாலும் காஸ் டூ எக்ஸ் தெரியாதவனுக்குத் தெரியாததுதான். கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால் நம் ஊர் விவசாயி வயலைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் மேலே நடந்து, அடைப்பு எங்கே என்று பார்க்கிறார்.

நீங்களும் அப்படித்தான் மேலே நடக்க வேண்டும். வகுப்பில் போட்ட கணக்கு ஒன்றை எடுத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு வரியிலும் “இது எப்படி வந்தது?” என்று கேளுங்கள். பதில் வராத வரி எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் பகுதிப் பின்னங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கின்றன, முக்கோணவியல் மூன்றாவது. எல்லை, வகையீடு, தொகையீடு மூன்றும் இரண்டாம் தொகுதியில் அடுத்தடுத்து வருகின்றன. முழுப் புத்தகத்தையும் படிக்கத் தேவையில்லை. அடைத்த இடத்தை மட்டும் வெட்டுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே அத்தியாயம், ஒரே கணக்கு, ஒரே எண். தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால், கல்லூரிப் புத்தகத்தின் ஆங்கிலம் மிரட்டுவது வெகுவாகக் குறையும். கணக்கில் மட்டும் நடப்பதில்லை இது. பள்ளியில் அறிவியல் பிரிவு எடுத்துவிட்டு பி.காம். சேர்ந்தவர்களுக்குப் பற்று, வரவு விதியே தலைகீழாகத் தெரியும். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்களைப் புரட்டாமல், “காமர்ஸ் எனக்கு ஒத்துவராது” என்று அவர்களும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அந்தப் பையன் இலக்கியத்துக்கு மாறவில்லை. கணக்கு பிடித்துவிட்டது என்றும் சொல்லவில்லை. “இப்போது புரிகிறது சார்” என்றான், எனக்கு அது போதும். அடைப்பை எடுத்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அப்படி வந்து சொன்ன ஒரு மாணவியைத் துறை மாறச் சொன்னவனும் நான்தான்.

ராமானுஜனைச் சாட்சிக்கு அழைப்பது

கும்பகோணத்தில் டியூஷன் எடுப்பவனுக்கு வாய்த்த தனித் தலைவலி. “ராமானுஜனே இங்கே கல்லூரியில் பெயிலானவர்தானே சார்?”

ஆமாம். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார், மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு அந்த உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அன்றைய கல்லூரித் தேர்வு) தேறவில்லை. ஆனால் அவருக்குப் படிக்க மனம் வராமல் போகவில்லை. கணக்கை விட்டு மனம் நகரவில்லை. வகுப்பில் வேறு பாடம் நடக்கும்போதும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் நோட்டில் அப்படி ஏதாவது நிரம்பியிருந்தால் கொண்டுவாருங்கள், பேசுவோம். பட்டம் இல்லாமல் அவர் வேலை தேடி அலைந்ததையும், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்த பிறகுதான் சற்று மூச்சுவிட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பெயிலானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது என்ன படிப்போ.

கைடு

தேர்வுக்கு முந்தைய நாள் வாங்குவதென்றால் வாங்கவே வேண்டாம்.

மழை விடுமுறையை நம்புவது

வடகிழக்குப் பருவமழையும் முதல் செமஸ்டர் தேர்வும் நம் ஊரில் ஒன்றாக வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். வாய்க்கால் நிரம்பி வழியும், சம்பாப் பயிரில் தேங்கிய தண்ணீரை வடிக்க வீட்டில் ஆள் தேவைப்படும், மின்சாரம் போகும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல கிராமங்களுக்கு மின்சாரம் வரவே வாரக்கணக்கில் ஆனது. இது தெரிந்தும் “ஸ்டடி லீவில் பார்த்துக்கொள்ளலாம்” என்பவர்களை என்ன சொல்வது?

தீபாவளிக்கு முன் மூன்று அலகுகளை முடித்துவிடுங்கள். ஏன் மூன்று? நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பழக்கமான 75 மதிப்பெண் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஐந்து அலகில் ஒவ்வொன்றிலிருந்தும் 2 மதிப்பெண் வினா இரண்டு, ‘அல்லது’ போட்ட 5 மதிப்பெண் வினா ஒன்று, 10 மதிப்பெண் வினா ஒன்று. பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தில் மூன்றுக்கு எழுதினால் போதும். மூன்று அலகைப் பழுதில்லாமல் படித்தவனுக்கு 12, 15, 30 என்று 57 வரைக்கும் வழி இருக்கிறது. தேர்ச்சிக்கு 30 போதும். உங்கள் கல்லூரியின் அமைப்பு வேறாக இருந்தால் பழைய வினாத்தாளை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் 57 வரைக்கும் இருக்கிறது என்று தெரிந்தால், மழை நாளிலும் புத்தகத்தைத் திறக்கப் பயமிருக்காது.

ஸ்பெஷல் கிளாஸை எதிர்பார்ப்பது

பள்ளியில் காலை எட்டு மணி முதல் இருட்டும் வரை உட்காரவைத்தார்கள். அரசுக் கல்லூரியில் முதல் ஷிப்ட் மதியத்தோடு விட்டுவிடும். அதற்குப் பிறகு உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். வீட்டுக்குப் போய்ப் படிப்பேன் என்பது நடக்காது.

எல்லாவற்றையும் சோம்பல் என்பது

இதைப் பெற்றோருக்குச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, பிடித்த கிரிக்கெட்டுக்கும் போகவில்லை, பல வாரமாக இப்படியே என்றால் அது டியூஷன் வாத்தியார் பார்க்கிற விஷயமில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அரியரைக் கடைசியில் சேர்த்து எழுதுவது

முதல் செமஸ்டரில் விட்ட தாளை ஆறாவது செமஸ்டரில் எழுதுபவனுக்கு அந்த மாதத்தில் அந்த செமஸ்டரின் தாள்களும் இருக்கும், பழைய பாடம் சுத்தமாக மறந்தும் இருக்கும். ஒரு தாள் நின்றால் பட்டம் கைக்கு வராது. பட்டம் இல்லாமல் எம்.எஸ்சி. இல்லை, பி.எட். இல்லை. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போதே அரியர் தாளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுங்கள். கட்டிய பணம் வீணாகிறதே என்றாவது இரண்டு அலகு படிப்பீர்கள். அப்பா கேட்டால் எதற்கென்று மறைக்காமல் சொல்லுங்கள். பின்னால் மூன்று தாளுக்குச் சேர்த்துச் சொல்வதைவிட இப்போது ஒன்றுக்குச் சொல்வது எளிது.