ஏறியது கிடக்கட்டும், எவ்வளவு விழுந்தது?

"ஐந்து வருடத்தில் இரண்டு மடங்கு" என்று யாராவது ஒரு பங்கைப் புகழ்ந்தால், எந்தத் தேதியிலிருந்து என்று முதலில் கேளுங்கள். 2020இல், ஐம்பது பெரிய இந்திய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீடு ஜனவரி 14 அன்று 12,362; மார்ச் 23 அன்று 7,610; டிசம்பர் 31 அன்று 13,982. மார்ச்சிலிருந்து கணக்கிட்டால் 84 சதவீத லாபம், ஜனவரியிலிருந்து கணக்கிட்டால் 13 சதவீதம்தான். இரண்டுமே பொய்யில்லை. விற்க வருபவர் எதைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒரு பங்கின் பழைய வருமானத்தை நீங்களே ஐந்து படிகளில் சரிபாருங்கள்.

படி 1: பத்து ஆண்டுகளின் தினசரி விலைகளை எக்செல்லில் இறக்குங்கள். போனஸ் (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), பங்குப் பிரிப்பு (ஒரு பங்கைப் பலவாக உடைப்பது) இரண்டுக்கும் சரிசெய்த விலைதானா என்று பாருங்கள். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது விலை ஏறக்குறையப் பாதியானது. கையிலிருந்த பங்குகள் இரட்டித்ததால் யாருக்கும் அதனால் நட்டமில்லை. சரிசெய்யாத விலையோ அதைப் பெரும் சரிவாகக் காட்டும்.

படி 2: கடைசி விலையை முதல் விலையால் வகுத்து, ஐந்து ஆண்டு என்றால் ஐந்தாம் மூலம் (எக்செல்லில் ^(1/5)) எடுத்து, ஒன்றைக் கழியுங்கள். ஐந்தாண்டில் இரட்டித்த பங்கு ஆண்டுக்குத் தந்தது 14.9 சதவீதம், 20 அல்ல. ஆண்டு வருமானங்களின் சராசரியை நம்ப வேண்டாம். 100 ரூபாய் ஒரு வருடம் 50 சதவீதம் ஏறி, மறு வருடம் 50 சதவீதம் இறங்கினால் சராசரி பூஜ்ஜியம், மிச்சம் 75 ரூபாய்.

படி 3: நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். விலைக்குப் பக்கத்தில் "இதுவரை தொட்ட உச்சம்" என்று ஒரு நெடுவரிசை, அந்த உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் கீழே என்று இன்னொன்று. மேலே சொன்ன நிஃப்டி 38 சதவீதம் விழுந்தது. பழைய இடத்துக்குத் திரும்ப 62 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. மாதக் கடைசி விலைகளை மட்டும் வைத்திருந்தால் மார்ச் 31இன் 8,598தான் தெரியும், 7,610 கண்ணிலேயே படாது. உங்கள் ஐந்து லட்சம் 3.08 லட்சமாக நிற்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அன்று விற்றிருப்பீர்களா?

படி 4: மாத வருமானங்களின் திட்டவிலக்கத்தை (சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகின்றன என்ற அளவு) 3.46ஆல், அதாவது 12இன் வர்க்கமூலத்தால், பெருக்கினால் ஆண்டு ஏற்ற இறக்கம் கிடைக்கும். மாதம் 6 சதவீதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம். இரண்டு பங்குகளை ஒப்பிட உதவும். தனியாக அதிகம் சொல்லாது.

படி 5: அதே தேதிகளுக்கு, ஈவுத்தொகையையும் சேர்த்து, நிஃப்டியோடும் வங்கி வைப்புநிதியோடும் ஒப்பிடுங்கள். பிறகு தொடக்கத் தேதியை ஆறு மாதம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். விடை தலைகீழானால், அந்த "இரண்டு மடங்கு" தேதி பார்த்துப் பொறுக்கியது.