கார் டயருக்குக் காற்று: எவ்வளவு, எப்போது, எப்படி?

கார் வாங்கிய புதிதில் பெரும்பாலும் எழும் கேள்வி, "டயருக்கு எவ்வளவு காத்து வைக்கணும்?" என்பதுதான். பங்க்கில் காற்றுப் பிடிப்பவரும் அதையேதான் நம்மிடம் கேட்பார். அவரிடம் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லாதீர்கள். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வண்டி நிற்பது அந்த நாலு டயரின் பிடிப்பில்தான்.

1. சரியான எண்ணைத் தேடுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு சாத்தும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கணக்கில் அதில் போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

2. காலையில் அளந்து பாருங்கள்

ஸ்டிக்கரில் உள்ளது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. ஓடி வந்த டயர் சூடாகி, உள்ளே அழுத்தம் சில பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். அதனால் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் எடுப்பதற்கு முன் அளப்பதுதான் சரி. பகலில் என்றால் குறைந்தது 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

இதற்குச் சின்னதாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக வைத்து அழுத்துங்கள். 'புஸ்' என்று காற்று கசிந்துகொண்டே இருந்தால் கேஜ் சரியாக உட்காரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

3. குறைவதைக் கூட்டுங்கள்

பங்க் தூரத்தில் இருந்தால் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுமே என்று யோசிப்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஸ்டிக்கரில் 32, வீட்டில் அளந்தபோது 28 என்று வைத்துக்கொள்வோம். குறைவது 4. பங்க்கில் மீட்டர் 30 காட்டினால், 34 வரை பிடிக்கச் சொல்லுங்கள். சூட்டில் கூடியதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும். தொய்ந்த டயரில் ஹைவேயில் வேகமாகப் போவதுதான் உண்மையான ஆபத்து. பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் வெடித்துவிடும்.

மாதம் ஒருமுறை அளந்தால் போதும், நெடுந்தூரப் பயணத்துக்கு முன் கட்டாயம் அளக்க வேண்டும். நைட்ரஜன் பிடிக்கலாமா? தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அளவைப் பார்க்காமல் விட்டால் எதைப் பிடித்தும் பயனில்லை.

4. பட்டனைப் பாருங்கள்

அப்படியே குனிந்து டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், எப்படித் தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஒரு ஓரம் மட்டும் என்றால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டியிருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். பட்டன் அந்த மேடுகள் வரை தேய்ந்துவிட்டால் மீதி ஆழம் 1.6 மி.மீ.தான், டயரை மாற்றியாக வேண்டும். மழைக்காலம் நெருங்குகிறது என்றால் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

பக்கச்சுவரில் புடைப்போ ஆழமான வெட்டோ இருந்தால் பஞ்சர் ஒட்டி ஓட்டக்கூடாது. டயரையே மாற்றுங்கள்.

5. ஸ்டெப்னியை மறக்காதீர்கள்

டிக்கி விரிப்பைத் தூக்கி அதையும் அளந்துவிடுங்கள். மற்ற நாலு டயரைவிட ஒல்லியான ஸ்டெப்னி என்றால், அதன் மேலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. கேட்கும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. பஞ்சர் கடை வரை போய்ச் சேரத்தான் அது.