மீன்தொட்டிச் செடிகளுக்கு எல்இடி ஒளி

மீன்தொட்டியில் செடி வளர்க்கத் தொடங்குபவர்கள் விளக்கின் பிரகாசத்தைவிட அது எரியும் நேரத்தையே முதலில் கவனிக்க வேண்டும். சுமார் 6500 கெல்வின் நிற வெப்பநிலை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட வெள்ளை எல்இடி விளக்கை முதல் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டும் எரியவிட்டு, புதிய இலைகள் துளிர்த்த பிறகு 8 மணி நேரமாக உயர்த்தலாம். செடிகள் வேர்பிடிக்கும் முன்பே ஒளியைக் கூட்டினால் அதன் பயன் பாசிக்கே போய்ச் சேரும். டைமர் பொருத்திவிடுவது நல்லது.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவை குறைந்த ஒளியிலும் வளரும். ஆனால் அவற்றின் தடித்த கிடைத்தண்டு மணலில் புதைந்தால் அழுகிவிடும் என்பதால், கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும்.

நட்ட சில நாட்களில் கிரிப்டோகோரைன் போன்ற செடிகளின் பழைய இலைகள் கண்ணாடிபோல் மெலிந்து கரைவதைக் கண்டு, தயவுசெய்து செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேரும் நடுக்குருத்தும் உறுதியாக இருந்தால், தொட்டி நீருக்குப் பழகிய புதிய இலைகள் அங்கிருந்தே கிளம்பும்.