சான் பிரான்சிஸ்கோ: காரை விட்டுவிட்டுப் படியேறுங்கள்

எங்கள் ஊருக்கு வருகிற உறவுக்காரர்கள் பெரும்பாலும் ட்வின் பீக்ஸ் உச்சிக்குக் காரில் போவார்கள், காற்றில் தலைமுடி பறக்க நாலு படம் எடுப்பார்கள், "ஊர் பார்த்தாச்சு" என்று இறங்கிவிடுவார்கள். பார்த்தது தூரத்தில் தெரியும் கூரைகளை மட்டும்தான். இந்த ஊரை நூற்றுக்கணக்கான படிக்கட்டுகள் தைத்து வைத்திருக்கின்றன. அரை நாளும் ஒழுங்கான ஷூவும் இருந்தால் போதும்.

1847இல் ஜாஸ்பர் ஓஃபாரெல் இந்த ஊருக்குத் தெரு வரைந்தபோது, மேடு பள்ளத்தைப் பொருட்படுத்தாமல் நேர்க்கோடாக இழுத்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் அப்படியே நீட்டினார்கள். வண்டி ஏறவே முடியாத செங்குத்து வந்த இடங்களில் தெரு படிக்கட்டாகிவிட்டது. படிக்கட்டைக் கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. வரைபடத்தில் ஒரு தெரு சட்டென்று முடிந்து, அதே பெயரில் கொஞ்சம் மேலே மறுபடி தொடங்கினால், நடுவில் படி இருக்க வாய்ப்பு அதிகம். கைபேசி வரைபடத்தை நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கார் ஓட்டுவதற்கான வழியில் படி வராது.

சில படிகள் யார் வீட்டுத் தோட்டத்துக்குள்ளோ போவதுபோல் தோன்றும். தயங்க வேண்டாம், தெருப் பெயர்ப் பலகை இருந்தால் அது பொதுவழி. கரோனா ஹைட்ஸ் பக்கத்தில் வல்கன் படிகளில் பல வீடுகளுக்கு வாசலே படிக்கட்டில்தான். சோபாவோ ஃபிரிட்ஜோ வாங்கினால் சுமந்துதான் ஏற்ற வேண்டும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே ஏறுவேன், மூச்சு வாங்குவது மறந்துபோகும். ஆனால் ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

முதல் நடைக்கு நான் சொல்வது கோல்டன் கேட் ஹைட்ஸ். 'N' எழுத்துள்ள ஜூடா (N Judah) நகர ரயிலில் வந்து பதினாறாவது அவென்யூ அருகே இறங்கி, தெற்கே ஏறுங்கள். கர்க்கம் தெருவைத் தாண்டினால் ஹிடன் கார்டன் படிகள், 148. கூட்டம் குறைவு. இன்னும் மேலே மொராகா தெருவில்தான் எல்லோரும் படம் எடுக்கும் ஓடு பதித்த படிகள், 163. அய்லீன் பார், கோலெட் க்ரட்சர் என்ற இரண்டு கலைஞர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்தது, 2005இல் முடிந்தது. கீழே கடலும் மீனும், ஏற ஏற மேலே நிலாவும் சூரியனும். படியின் முகத்தில்தான் ஓடு என்பதால் மேலிருந்து இறங்கினால் வெறும் சிமென்ட்தான் தெரியும். ஏறித்தான் பார்க்க வேண்டும்.

அங்கேயே திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமை. தெருவைக் கடந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் கிராண்ட்வியூ பார்க் உச்சி. மேற்கே பசிபிக், வடக்கே கோல்டன் கேட் பாலம், காலடியில் சிவந்த செர்ட் பாறை. கடலின் அடியில் நுண்ணுயிர்களின் கூடுகள் படிந்து இறுகிய பாறை அது, இப்போது மலை உச்சியில் நிற்கிறது.

இரண்டாவது, டெலிகிராஃப் ஹில். சான்சம் தெருப் பக்கமிருந்து ஃபில்பர்ட் படிகளில் ஏறுங்கள். மொட்டைப் பாறைச் சுவரை ஒட்டித்தான் படி தொடங்கும். ஒருகாலத்தில் கல்லுக்காக மலையை வெட்டியதன் தழும்பு அது. பாதி ஏறியதும் மரப்படியும், கிரேஸ் மார்ச்சன்ட் பெயரில் உள்ள தோட்டமும், பலகை பாவிய நேப்பியர் சந்தும் வரும். தலைக்கு மேல் கீச்சென்று கூட்டமாகக் கத்தினால் நிமிர்ந்து பாருங்கள், செந்தலைக் கிளிகள். உச்சியில் 1933இல் கட்டிய காய்ட் டவர். இறங்கும்போது பக்கத்திலேயே உள்ள கிரீன்விச் படிகள்.

முழங்கால் விஷயம். ஏறும்போது மூச்சுதான் போகும், இறங்கும்போதுதான் மூட்டு கணக்குக் கேட்கும். அதனால் நான் படியில் ஏறி, முடிந்தவரை மண்பாதையிலோ பேருந்திலோ இறங்குகிற ஆள். க்ளிப்பர் அட்டையில் கட்டணம் ஒருமுறை கழிந்தால் இரண்டு மணி நேரத்துக்கு நகரப் பேருந்துகளில் மாறிக்கொள்ளலாம். படியிலேயே இறங்குவதென்றால் கைப்பிடியை விடாதீர்கள். நிழலான படிகளில் பாசியும் ஈர இலையும் இருக்கும்.

மண்பாதைக்குக் க்ளென் கேன்யன். க்ளென் பார்க் பார்ட் (BART) ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இஸ்லேயஸ் ஓடை இங்கே இன்னும் திறந்த வெளியில் ஓடுகிறது. கீழே போனதும் அது நிலத்தடிக் குழாய்க்குள் மறைந்துவிடும். மும்மூன்றாக இலை விடும் பாய்சன் ஓக் செடியை மட்டும் தொட்டுவிடாதீர்கள். இலை உதிர்ந்த குச்சி பட்டாலும் தோல் கொப்பளிக்கும். முழுக்கால் சட்டை நல்லது. கொயோட்டி என்ற, ஓநாய் போன்ற சிறு காட்டு விலங்கு தென்பட்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள், நாய் கூட இருந்தால் கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள்.

கோடை என்று நம்பி மெல்லிய சட்டையோடு வராதீர்கள். ஜூலையில்தான் பனிமூட்டம் கடலிலிருந்து ஏறிவரும். மவுண்ட் சூட்ரோவின் யூகலிப்டஸ் காட்டில் இலைகள் அந்தப் பனியைப் பிடித்துச் சொட்டவிடும், மழையே இல்லாமல் பாதை சேறாகும். தெளிந்த வானம் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர்.

இவ்வளவும் பழகிய பிறகு க்ராஸ்டவுன் டிரெயில். கேண்டில்ஸ்டிக் பாயின்டிலிருந்து லேண்ட்ஸ் எண்ட் வரை, தென்கிழக்கிலிருந்து வடமேற்காக, சுமார் 27 கிலோமீட்டர், ஐந்து பகுதி. ஒரே நாளில் முடித்தால்தான் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. பகுதி பகுதியாக நடங்கள். லேண்ட்ஸ் எண்ட்டை நோக்கி நடந்தால் கடல்காற்று முகத்தில் அடிக்கும், ஆனால் முடிவில் கடல் கிடைக்கும். என் மனைவி எதிர்த்திசைதான் வசதி என்கிறாள், காற்று முதுகைத் தள்ளுமாம்.