கடைசிப் பாகம் எழுதப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிறு நாலைந்து பேர் எழுதியதை எடுத்துக்கொண்டு வருவார்கள். வளவில் பாயை விரித்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை அறிவியல் புனைகதைப் பேச்சுதான். போன முறை ஒரு தம்பி, விண்வெளித் தொடர் ஒன்றை நாலு பாகம் எழுதி நல்ல வாசகர்களைச் சேர்த்து வைத்திருப்பவர், "அண்ணே, அஞ்சாவதுல எல்லா மர்மத்தையும் அவுத்து முடிச்சிடப் போறேன்" என்றார். பத்து வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பாத்திரத்தின் பெயர் மாறிவிடுவது, வயசுக் கணக்கு உதைப்பது எல்லாம் இங்கே வேண்டாம். கவனமாகப் படிக்கிற நண்பர் ஒருவர் இருந்தால் அவை சரியாகிவிடும்.

கேள்வியைக் கடன் என்று நினைப்பது

என்னை இன்னும் அரிப்பது இதுதான். என் தொடரில் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பல், 11 வருஷத்துக்கு ஒரு முறை எங்கிருந்தோ அதற்கு வரும் ஒரு ஒலி. ஐந்தாம் பாகத்தில், கப்பலிலேயே பிறந்த பெண் முதல் முறையாக மண்ணில் கால் வைக்கிறாள், கதை முடிகிறது. ஆனால் வாசகர்கள் விடவில்லை, அந்த ஒலி யாருடையது என்று கடிதம் மேல் கடிதம். பதிப்பித்தவரும் கேட்டார். அத்தனை பேர் கேட்கிறார்களே, சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாக ஆகிவிடுமே என்று நினைத்து, இரண்டு வருஷம் உட்கார்ந்து 400 பக்கத்தில் ஆறாம் பாகம் எழுதினேன். அச்சுச் செலவில் பாதி என் சேமிப்பு.

ஒலியை அனுப்பியது யார் என்று சொன்னேன். ஏன் அனுப்பினார்கள், எப்படி அனுப்பினார்கள், அதையும் சொன்னேன். கடிதங்கள் அதோடு நின்றுபோயின. தேவகோட்டையில் ஒரு ஆச்சி, ஐந்து பாகத்தையும் அட்டை போட்டு வைத்திருந்தவர், ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கூப்பிட்டு, "யாருன்னு தெரியாம இருந்தப்ப ராத்திரி மாடியில நின்னு வானத்தைப் பாப்பேன் தம்பி, இப்ப பாக்கத் தோணல" என்றார். சேமிப்பு போனதைவிட அந்தப் பேச்சு எனக்கு வலித்தது.

ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராமா' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் வந்தது. சூரிய மண்டலத்துக்குள் ஒரு பிரம்மாண்டமான உருளை நுழைகிறது, கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் பெயர்களெல்லாம் தீர்ந்துவிட்டதால் நம் ராமனின் பெயர் அதற்கு வைக்கப்படுகிறது. மனிதர்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள், கட்டியவர்கள் யாரென்று தெரியாமலே வெளியே வருகிறார்கள், உருளை தன் வழியில் போய்விடுகிறது. அதைச் செய்தவர்கள் எதையும் மூன்று மூன்றாகச் செய்வார்கள் என்று கடைசியில் ஒரு வரி வரும். தொடர்ச்சி எழுதும் எண்ணத்தில் அதைச் சேர்க்கவில்லை என்று கிளார்க்கே சொல்லியிருக்கிறார். ஆனாலும் 1989, 1991, 1993 என்று ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து மூன்று நாவல்கள் வந்தன. மூன்றையும் படித்தேன். கட்டியவர்களைப் பற்றித் தெரியத் தெரிய அந்த உருளை எனக்குச் சின்னதாகிக்கொண்டே போனது.

இதற்கு நேர் எதிர் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்'. விண்மீன் மண்டலம் முழுக்க ஆளும் பேரரசு விழும், 1000 வருஷத்தில் இரண்டாவது பேரரசு எழும் என்று முதல் புத்தகத்திலேயே சொல்லியாகிவிட்டது. 1951 முதல் 1953 வரை மூன்று புத்தகம், அப்புறம் 1982இலும் 1986இலும் ஒவ்வொன்று. கதைக்குள் ஏறக்குறைய 500 வருஷம்தான் ஆகியிருக்கிறது. இங்கே மீதி இருப்பது கேள்வி இல்லை, கொடுத்த வாக்கு. ஒரு கடைசிப் பாகத்துக்கு முழு நியாயம் உள்ள தொடர் இது. ஆனால் அசிமோவ் அதற்கு மேல் முன்னே போகவில்லை.

எங்கள் ஐயா பேரேட்டில் கணக்கு தீர்ந்த பெயருக்கு நேரே கோடு போட்டுவிடுவார். நீங்களும் முதல் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது வாசகருக்கு என்ன தருவதாகச் சொன்னது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தந்தாயிற்று என்றால் கோடு போடுங்கள். வாசகர் கேட்பதையெல்லாம் அந்தத் தாளில் ஏற்றாதீர்கள்.

முன்கதைக்கு ஓடுவது

முன்னே போக வழி தெரியாதபோது பின்னே போகத் தோன்றும். அசிமோவே அதைத்தான் செய்தார், 1988இல் ஒன்று, அவர் இறந்த மறு வருஷம் 1993இல் ஒன்று. படிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த 1000 வருஷக் கடன் அப்படியேதான் நிற்கிறது.

பழைய பாகத்தோடு முரண்படுமோ என்று பயப்படுவது

வேண்டாம். கிளார்க்கின் 1968 நாவலான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் கப்பல் சனிக்குப் போகிறது, அதே கதையின் படத்தில் வியாழனுக்கு. 1982இல் தொடர்ச்சி எழுதும்போது வியாழனையே எடுத்துக்கொண்டார். கதை கெட்டுப்போகவில்லை.

எழுதுமுன் அறிவிப்பது

அறிவிக்காதீர்கள்.

முடிந்ததை முடிவாக மதிக்காதது

எங்கள் ஊரில் 1939இலிருந்து கம்பன் கழகம் இருக்கிறது, சின்ன வயசிலிருந்து விழாவுக்குப் போய்க் கேட்டவன் நான். கம்பர் முடிசூட்டி, வந்தவர்களுக்கு விடைகொடுத்ததோடு நிறுத்திவிட்டார். அப்புறம் சீதைக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கா தெரியாது? உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வார்கள். நான் போன விழாக்களில் மக்கள் கண் கலங்கிக் கேட்டது பட்டாபிஷேகத்தை.

அந்தத் தம்பி போன பிறகு என் முதல் பாகத்தை எடுத்துத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று கோடு போடாமல் நின்றது. கப்பல் கிளம்பும்போது தரையில் நின்ற ஒரு அப்பத்தாவிடம், போய்ச் சேர்ந்ததும் எப்படியாவது தகவல் வரும் என்று பேரன் சொல்லியிருந்தான். ஆறு பாகத்திலும் அதை மறந்திருக்கிறேன். புதுப் பதிப்பில் ஆறாம் பாகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவதின் பின்னால் அந்தத் தகவல் மட்டும் 12 பக்கத்தில் வரும், இப்போது ஏழாவது பக்கத்தில் இருக்கிறேன்.