ஃபோர் வே டெஸ்ட் பேச்சுப் போட்டியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரோட்டரி சங்கங்கள் மாணவர்களுக்கு நடத்தும் பேச்சுப் போட்டிகளில் ‘ஃபோர் வே டெஸ்ட்’ போட்டி ரொம்பப் பிரபலம். நான்கே கேள்விகள்தான். இது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? எல்லோருக்கும் நன்மை தருமா? நாம் நினைப்பதையும் சொல்வதையும் செய்வதையும் இந்த நாலிலும் உரசிப் பார்க்க வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இதற்குப் பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல குரலும் துணிச்சலும் உள்ள பிள்ளைகள் சின்னச் சின்ன விஷயங்களில் கோட்டை விடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

பெரிய தவறு, கேள்விகளை விளக்கிக்கொண்டே நேரத்தைத் தீர்ப்பது. உண்மைக்கு அரிச்சந்திரன், நியாயத்துக்கு மனுநீதிச் சோழன், நட்புக்குப் பிசிராந்தையார் என்று வரிசையாகக் கதை சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு முன்னால் பேசியவரும் அதே அரிச்சந்திரனைத்தான் சொல்லியிருப்பார். அந்த நான்கு கேள்விகளும் அளவுகோல். எதையாவது அளந்து காட்டினால்தான் அது பேச்சு.

அளப்பதற்கு நம் மலையில் விஷயத்துக்கா பஞ்சம்? வண்டியில் மலைக்கு வருகிறவர்கள் ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயமானது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. இப்போது இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சீசன் கூட்டத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்ட முடியாமல் நிற்கும் ஆம்புலன்ஸுக்கு இந்த வரம்பு நியாயம். ஏப்ரல், மே வருமானத்தை நம்பியே வருஷத்தை ஓட்டும் காட்டேஜ்காரர், டாக்ஸி டிரைவர், வர்க்கி கடைக்காரருக்கு? அவர்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். ரோட்டைக் கடக்க வழியில்லாமல் காட்டோரம் நிற்கும் யானையும் சம்பந்தப்பட்டதுதானே? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, யாருக்கு என்ன இழப்பு என்று ஒவ்வொருவர் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, ‘அதனால் என் கருத்து இது’ என்று துணிந்து ஒரு முடிவு சொல்லும் பேச்சு கேட்பவர் மனதில் தங்கும். பச்சைத் தேயிலை விலையும் இப்படித்தான். கொழுந்து பறிக்கும் அக்கா, சிறு விவசாயி, ஃபேக்டரி, கடையில் டீத்தூள் வாங்கும் நாம், எல்லோரும் அதில் இருக்கிறோம். உங்கள் வீட்டிலேயே அரை ஏக்கர் தோட்டம் இருந்தால் கூகுளைத் தட்டவே வேண்டாம், ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டாலே பேச்சுக்குத் தேவையானது கிடைத்துவிடும்.

அடுத்தது, கேள்விகள் பிறந்த வரலாற்றை ஒப்பிப்பது. ஹெர்பர்ட் டெய்லர் 1932இல் எழுதினார், ரோட்டரி 1943இல் ஏற்றுக்கொண்டது என்பதெல்லாம் ரோட்டரிக்காரர்களுக்கு மனப்பாடம். சொல்லியே ஆகவேண்டும் என்றால் சுவையான பகுதியைச் சொல்லுங்கள். சிகாகோவில் திவாலாகும் நிலையில் இருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தத்தான் அவர் இவற்றை எழுதினார். ‘இது உண்மையா’ என்று கேட்டபோது முதலில் அடிபட்டது அவர்களுடைய சொந்த விளம்பரம். ‘மிகச் சிறந்தது’ மாதிரியான, நிரூபிக்க முடியாத வார்த்தைகளை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் பேச்சிலும் அந்த மாதிரி வார்த்தைகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து அடித்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அப்துல் கலாம் சொன்னார், விவேகானந்தர் சொன்னார் என்று வாட்ஸ்அப்பில் வந்த வரிகளை அப்படியே மேடையில் விடுவது. அவற்றில் பல அவர்கள் சொல்லாதவை. முதல் கேள்வியே உண்மையைப் பற்றியது, அந்த மேடையிலேயே பொய் மேற்கோளா? எந்தப் புத்தகத்தில், எந்த உரையில் இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஒரு குறைவும் வராது.

பெற்றோருக்கும் டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாயில் ‘விழுமியங்களின் சிதைவு’ வந்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும், அப்புறம் நடுவில் ஒரு வரி மறந்தால் பிள்ளையால் சொந்தமாகச் சமாளிக்கவும் முடியாது. கேள்வி மட்டும் கேளுங்கள், பதிலை அவர்களே எழுதட்டும்.

வரவேற்பு வணக்கம் ஒரே வரி போதும். நடுவர், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று அடுக்கினால் அரை நிமிடம் காலி. வீட்டில் பேசிப் பார்க்கும்போது கொடுத்த நேரத்துக்கு அரை நிமிடம் முன்னாலேயே முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் கைதட்டலும் மூச்சு வாங்குவதும் அதை நிரப்பிவிடும். பெயரையும் பள்ளியையும் சொல்லலாமா என்று விதிமுறையில் முதலிலேயே பாருங்கள், சில போட்டிகளில் நம்பர் மட்டும்தான் சொல்ல வேண்டும். கட்சிக் கூட்டம் மாதிரி முதல் வரியிலிருந்தே கத்துவதும் வேண்டாம், மைக் எதற்கு இருக்கிறது?

காலைக் குளிரில் தொண்டை கட்டும், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போங்கள். கூடலூர், கீழ்க்கோத்தகிரி பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸை நம்பாமல் ஒரு பஸ் முன்னாலேயே கிளம்புங்கள். மழைக்காலத்தில் வழியில் மரம் விழுந்து நின்றுவிட்டால், ஒருங்கிணைப்பாளருக்கு உடனே போன் போட்டால் உங்கள் முறையைக் கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு அவர் நம்பர் முந்தின நாளே உங்கள் கையில் இருக்க வேண்டும்.