ஸ்மார்ட் கீ பேட்டரி தீர்ந்தாலும் கார் கிளம்பும்

பட்டன் ஸ்டார்ட் காரில் ரிமோட் செத்துப்போனால் உடனே மெக்கானிக்குக்கு போன் போட வேண்டாம். ரிமோட்டின் ஓரத்தில் இருக்கும் குட்டி லாட்சைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். டிரைவர் கதவில் சாவித் துவாரம் கண்ணில் படவில்லையா? சில மாடல்களில் கைப்பிடி ஓரத்து மூடிக்குள் ஒளிந்திருக்கும். கதவைத் திறந்ததும் அலாரம் அலறலாம். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பிரேக்கை (கியர் வண்டி என்றால் கிளட்சையும்) மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்துங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் இம்மொபிலைசர் சிப்புக்கு (இது இந்தக் காரின் சாவிதான் என்று காருக்குக் காட்டும் சிப்) பேட்டரி தேவையில்லை. பெரும்பாலான கார்கள் கிளம்பிவிடும். சிலவற்றில் ரிமோட்டை வைக்கும் இடம் வேறு, காரோடு வந்த கையேட்டில் இப்போதே பார்த்துவையுங்கள். பல ரிமோட்டுகளுக்கு சிஆர்2032 பட்டன் செல்தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி போடாதீர்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.